பயிற்சிக் கதவு

டொக், டொக்.

"யாரு?"

"வணக்கம்மா. நாங்க குப்பை பிரிக்கிறதைப் பத்திச் சொல்ல வந்திருக்கோம்."

"குப்பைக்காரங்களா? காலையிலேயே போட்டாச்சு."

"இல்லம்மா, குப்பை எடுக்க வரலை. குப்பையைப் பத்திப் பேச வந்திருக்கோம்."

"குப்பையைப் பத்திப் பேச என்ன இருக்கு?"

"இருக்கும்மா... நிறைய இருக்கு... அதாவது வந்து..."

"அடுப்புல பால் இருக்கு. அப்புறம் வாங்க!"

கதவுக்கு வெளியே நின்ற தையல்காரர் திருதிருவென்று விழித்தார். அவர் கையிலிருந்த வாழைப்பழத் தோல் வாடித் தொங்கியது. அவர் முகமும் அப்படித்தான் தொங்கியது.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வீடும் இல்லை, அடுப்பும் இல்லை, பாலும் இல்லை. சாமான் போட்டுவைக்கும் சின்ன அறை அது. துடைப்பங்கள், மடக்கு நாற்காலிகள், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. வாளியின் மேல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, 'அதாவது வந்து'ன்னு இழுத்தா நான் மூடிடுவேன்," என்றாள் அவள்.

"நீ திறக்கவே இல்லையேம்மா!"

"திறக்கணும்னு நினைச்சேன். அதுக்குள்ள இழுத்துட்டீங்க."

மறுபடியும் சிரிப்பு.

அது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளக் கூடம். மாலை நேரங்களில் அங்கே தன்னார்வலர்களுக்கு வகுப்பு நடந்தது. எந்தக் குப்பை மறுபடி பயன்படும், எந்தக் குப்பை மக்கி உரமாகும் என்று முதலில் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பு எடுப்பவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அவள் 'உரம் அக்கா'தான்.

சிறுமி தன்னார்வலர் இல்லை. அவள் வந்து சேர்ந்ததே ஒரு வேடிக்கை.

அவளும் அம்மாவும் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. மத்தியானம் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். சிறுமி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தானே பூட்டைத் திறந்து, தானே தாழ் போட்டு, தானே பால் காய்ச்சி, தானே குடிப்பாள். புதுப் பள்ளிக்கூடத்தில் இன்னும் யாரும் அவளோடு ஒட்டவில்லை. யாராவது ஒட்டியிருந்தாலும் அவளால் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. அம்மாவின் சட்டம் அப்படி.

"யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. யார் வீட்டுக்குள்ளேயும் போகக் கூடாது. அம்மா இல்லைன்னும் சொல்லக் கூடாது. குளிக்கிறாங்கன்னு சொல்லிடு."

"சாயங்காலம் முழுக்கவா குளிப்பே?"

"குளிச்சுட்டுப் போறேன். உனக்கென்ன?"

ஒருநாள் அவள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். படிக்கட்டு யார் வீடும் இல்லையே! கீழே கூடத்தில் வெளிச்சம். பத்துப் பதினைந்து பேர் பேசும் சத்தம். ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கிக் கடைசிப் படிக்கே வந்துவிட்டாள்.

உரம் அக்கா எட்டிப் பார்த்தாள். "யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

"மேல. ரெண்டாவது மாடி."

"அங்கே ஏன் உக்காந்திருக்கே?"

"சத்தம் கேக்குது."

"ஐயோ, தொந்தரவா இருக்கா?"

"இல்ல," என்றாள் சிறுமி. "நல்லா இருக்கு."

மறுநாளே அக்கா அவள் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டாள். "கூடத்துல மட்டும்னா இருக்கட்டும். வேற எங்கேயும் வேண்டாம்," என்றாள் அம்மா.

அவள் கூடத்துக்குள் வந்த முதல் நாள், தன்னார்வலர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தையல் அண்ணன் தட்டுவதுபோல் நடித்தார். பஸ் ஓட்டும் டிரைவர் மாமா வீட்டுக்காரர்போல் நடித்தார்.

"வாங்க வாங்க! உக்காருங்க! காபியா, டீயா?"

"குப்பை பிரிக்கிறதைப் பத்தி..."

"ஓ, பேஷாப் பிரிச்சுடலாம்!"

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நிஜமா யாரும் அப்படித் திறக்க மாட்டாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிறுமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ எப்படித் திறப்பாங்க?" என்று கேட்டாள் உரம் அக்கா.

"திறக்கவே மாட்டாங்க. காட்டட்டுமா?"

அவள் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் வீட்டில் செய்வதைத்தானே செய்ய வேண்டும்! அன்றைக்கு ஒருவராலும் அந்தக் கதவைத் திறக்கவைக்க முடியவில்லை. பல் டாக்டர் ஆன்ட்டிகூடத் தோற்றுப்போனார். "என் வாழ்நாள்ல எத்தனையோ பேர் வாயைத் திறக்கவெச்சிருக்கேன். இந்தக் கதவு அசையமாட்டேங்குதே!" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே 'கதவு'.

"கதவு வந்தாச்சா?"

"கதவு, இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் திறந்துவிடும்மா."

"கதவுக்கு ஜலதோஷமாம். வாளியை வெயில்ல போடுங்கப்பா!"

கதவு தன் வேலையில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். ஒருநாள் தூக்கம் கலைந்த தாத்தாவாகப் பேசுவாள். ஒருநாள் அழும் குழந்தையும் அவளே, அதைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவும் அவளே. எந்த வேஷம் போட்டாலும் ஒன்று மட்டும் மாறாது. பேச்சு நீண்டால் பால் பொங்கிவிடும், கதவு மூடிவிடும்.

தன்னார்வலர்களும் விடவில்லை. நாளுக்கு நாள் வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். டிரைவர் மாமாவை அடிக்க ஆளே இல்லை.

"டப்பா பாட்டில் பால் பாக்கெட் கழுவிக் காயவெச்சு நீலத் தொட்டியில, காய்கறித் தோல் பழத்தோல் டீத்தூள் பச்சைத் தொட்டியில, பச்சைத் தொட்டி நிறைஞ்சா பின்னாடி இருக்கிற டிரம்முல, நன்றி வணக்கம்!" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "பால் பொங்கிச்சா?" என்பார்.

"பொங்கலை மாமா!" என்று கதவு திறந்துகொள்ளும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே கிளம்புவார்கள். அவர்கள் பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்கும். பிறகு கேட்காது. அவள் மாடிக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்.

கடைசி நாளும் வந்தது. உரம் அக்கா ஒவ்வொருவர் சட்டையிலும் இலைப் படம் போட்ட பேட்ஜைக் குத்திவிட்டாள்.

"கதவுக்கு எங்கே பேட்ஜ்?" என்றார் டிரைவர் மாமா.

"பதினெட்டு வயசு ஆகணுமே மாமா. சட்டம்!" என்ற அக்கா, அவள் பக்கம் குனிந்தாள். "அடுத்த வகுப்பு இதே கூடத்துலதான். அப்போ உன்னைக் கூப்பிடுறேன், சரியா?"

"எப்போக்கா?"

"இவங்க எல்லா வீட்டுக்கும் போய் முடிக்கட்டும். அப்புறம்."

கூடம் பூட்டப்பட்டது. கதவுக்குக் கதவு வேலை போய்விட்டது.

பழையபடி அவளே பூட்டைத் திறந்தாள். அவளே பால் காய்ச்சினாள். சாயங்காலங்களில் வீட்டுக்குள் என்னென்ன சத்தம் கேட்கும் என்று அவளுக்கு மனப்பாடம். மேல்மாடியில் நாற்காலி இழுபடும். சுவருக்குள் குழாய்த் தண்ணீர் சளசளவென்று இறங்கும். அடுத்த வீட்டுப் பாட்டு டீச்சர் ஒரே ஒரு வரியைப் பாடிப் பார்த்துவிட்டு நிறுத்துவார். எந்தச் சத்தமும் அவளைக் கூப்பிடாது.

ஒரு மாலை படிக்கட்டில் தெரிந்த குரல்கள் கேட்டன. அவள் ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தாள். டிரைவர் மாமா நிஜக் கதவுகளைத் தட்டிக்கொண்டு வந்தார். பாட்டு டீச்சர் வீட்டில் டப்பா, பாட்டில் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவது கேட்டது. அடுத்தது இவள் வீடுதான். யாராகப் பேசலாம்? தூங்கும் தாத்தாவாகவா?

டொக், டொக்.

"யாரு?"

"அட, இது நம்ம கதவு வீடு!" என்றார் டிரைவர் மாமா. "உனக்குத்தான் எல்லாம் தலைகீழாத் தெரியுமே. நேரமாச்சு, நாங்க மேல போறோம். வரட்டுமா கண்ணு?"

"சரி மாமா," என்றாள் அவள்.

காலடிகள் மேலே ஏறிப் போயின. கதவில் வைத்த காதை எடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் நாற்றம் தொடங்கியது.

கட்டடத்தின் பின்பக்கம் பச்சை டிரம்கள் வரிசையாக நின்றன. அவற்றில் போட்ட தோலும் காம்பும் மண் வாசனையோடு உரமாக வேண்டும். ஆனால் மூடியைத் திறந்தால் அழுகல் வாடை ஆளைத் தூக்கியது. உரம் அக்கா மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஒரு நீளக் கம்பால் கிளறினாள். உள்ளே சளக் சளக் என்றது.

"இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது? மழைகூட இல்லையே!" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

கட்டடத்தின் செயலாளர் வந்து நின்றார். அவர் பேச்சே ஜலதோஷம் பிடித்தவர்போல் இருந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என் வீட்டு ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருக்கு. திறந்தா என் மூக்கு முகத்தை விட்டு ஓடப் பாக்குது! ஞாயித்துக்கிழமை வண்டி வரச் சொல்லிட்டேன். இதையெல்லாம் தூக்கிடுவோம்."

"சார், ஒரு வாரம் குடுங்க."

"நிறையக் குடுத்தாச்சும்மா. டிரம் இல்லாம வகுப்பு எதுக்கு? கூடத்துலயும் நாற்காலியை அடுக்கிப் பூட்டிடலாம்."

குப்பை கொட்ட வந்த கதவு அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றாள். டிரம் போனால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் அக்கா கூப்பிடப்போவதும் இல்லை.

அன்று மாலை தன்னார்வலர்கள் கூடத்தில் கூடினார்கள். அவள் வழக்கமான கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒரே வாக்குவாதம்.

"நான் சரியாத்தான் சொன்னேன்!"

"நான் மட்டும் தப்பாவா சொன்னேன்?"

"மறுபடியும் போய்க் கேட்டேனே! ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே பதில். 'அதான் சொன்னீங்களே, அப்படியேதான் செய்றோம்'னு கதவைச் சாத்துறாங்க."

அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொட்டு. திரும்பிப் பார்த்தாள். படிப்படியாகச் சொட்டுகள்.

அவள் எழுந்தாள். சொட்டுகளைத் தொடர்ந்து ஏறினாள். முதல் மாடியில் ஒரு வரிசை இடப்பக்கம் பிரிந்து ஒரு கதவடியில் முடிந்தது. இன்னொரு வரிசை மேலே போனது. இரண்டாவது மாடியில் அது நேராக அவள் வீட்டுக்குத்தான் வருவதுபோல் வந்தது; வந்து, பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

தட்டலாமா? அவள் இதுவரை யார் வீட்டையும் தட்டியதே இல்லை. உள்ளே இருந்துதான் அவளுக்குப் பழக்கம்.

டொக்.

"யாரது?"

"பக்கத்து வீடு டீச்சர்."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. "என்னம்மா? பாட்டுக் கத்துக்கணுமா?"

"இல்ல டீச்சர். நீங்க பச்சைத் தொட்டிக் குப்பையை எப்படிப் போடுறீங்கன்னு பாக்கணும். காட்டுறீங்களா?"

டீச்சரின் புருவம் மேலே போனது. பிறகு கதவு முழுசாகத் திறந்தது.

"இது வரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதே இல்லையே! உள்ள வா."

"உள்ள வரக் கூடாது டீச்சர். அம்மா திட்டுவாங்க. இங்கேயே நிக்கிறேன்."

"நல்ல அம்மா. இரு, கொண்டுவரேன்."

டீச்சர் ஒரு சல்லடையைக் கொண்டுவந்தார். அதில் உருளைக்கிழங்குத் தோல்கள் பளபளவென்று மின்னின. அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர்!"

"ரெண்டு தடவை அலசி, மூணாவதுக்கு ஒரு துளி சோப்புப் போடுவேன். மண்ணு ஒரு பொட்டுக்கூட இருக்காது."

"தோலை எதுக்கு டீச்சர் கழுவுறீங்க?"

"அந்த டிரைவர் சொன்னாரே! டப்பான்னார், கழுவுன்னார், தோலுன்னார், தொட்டின்னார், எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி சொல்லிட்டுப் போயே போயிட்டார். எதைக் கழுவணும், எதைக் கழுவக் கூடாதுன்னு யாருக்குப் புரிஞ்சுது? எல்லாத்தையும் கழுவிட்டா வம்பே இல்லை பாரு. முதல் மாடிக்காரங்களுக்கும் நான்தான் யோசனை சொன்னேன். இப்போ கட்டடம் முழுக்க இப்படித்தான்!"

'தப்பு டீச்சர்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகமும் தோலைப் போலவே பளபளத்தது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

"ரொம்பச் சுத்தம் டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதான். இரண்டு படி இறங்கினாள். சட்டென்று நின்றுவிட்டாள்.

டிரைவர் மாமா ஏன் ரயில் மாதிரி சொன்னார்?

பால் பொங்கிவிடும் என்று பயந்துதான் சொன்னார். அந்தப் பாலைப் பொங்கவைத்தது யார்? தையல் அண்ணன் நிறுத்தி நிதானமாகத்தானே பேசினார். இழுத்தால் மூடிவிடுவேன் என்று சொன்னது யார்?

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்துவிடும். சொன்னால், 'எல்லாம் இந்தக் கதவாலதான்' என்று ஆகிவிடும். அப்புறம் அந்தக் கூடத்தில் அவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு மிஞ்சுவது மாடி வீடுதான். ஆனால் ஒன்று. சொன்னால் உரம் அக்காவுக்காவது வகுப்பு மிஞ்சும்.

அவள் எழுந்து போனாள்.

கூடத்தில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அவள் தொண்டையைச் செருமினாள். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. சாமான் அறைக் கதவை ஓங்கித் தட்டினாள்.

டொக், டொக், டொக்!

எல்லோரும் திரும்பினார்கள்.

"தோலைக் கழுவுறாங்க," என்றாள் அவள்.

"யாரு?"

"எல்லாரும். பாட்டு டீச்சர் சோப்புக்கூடப் போடுறாங்க. நீங்க டப்பா, தோல் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னீங்களா, அவங்க ரெண்டையும் கழுவிட்டாங்க. ஆனா... உங்க மேல தப்பில்ல. நான்தான் உங்களை அவசரப்படுத்தினேன். நான்தான் பால் பொங்குதுன்னு சொல்லிச் சொல்லி..."

அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோப்பா?" என்றார் பல் டாக்டர் ஆன்ட்டி மெல்ல.

"சோப்பு!" என்றார் டிரைவர் மாமா. "கடவுளே! நான் குளிச்சதைவிட அந்த உருளைக்கிழங்கு நல்லாக் குளிச்சிருக்கே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உரம் அக்கா சிரிக்கவில்லை. வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கே பாரு. நீ கதவா இருந்தே. நிஜக் கதவு அப்படித்தான் இருக்கும். சீக்கிரம் சொல்லுங்கன்னு இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான். புரிஞ்சுதான்னு கேக்கணும்னு சொல்லிக்குடுக்கலை. அதை நான்ல மறந்தேன்?"

அவள் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, விடுங்க!" என்று எழுந்தார் டிரைவர் மாமா. "இப்பவே போய் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, 'தோலைக் கழுவாதீங்க'ன்னு கத்திட்டு வரேன்."

"வேண்டாம் மாமா!"

"ஏன் கண்ணு?"

"டீச்சர் எனக்குக் காட்டினப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? தப்புன்னு கத்தினா கதவைச் சாத்திக்குவாங்க. நானா இருந்தாலும் சாத்திக்குவேன்."

"பின்னே என்னதான் செய்யறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாம எதுவும் சொல்ல வேண்டாம். 'நீங்க எப்படிப் போடுறீங்க, காட்டுங்க'ன்னு கேப்போம். காட்டுறப்போ அவங்களுக்கு அவசரமே இருக்காது. பால்கூடப் பொங்காது. அப்புறம் கூடவே நின்னு மெதுவாப் பேசலாம்."

தன்னார்வலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெதுவாப் பேசலாமா?" என்று கேட்டார் தையல் அண்ணன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "அப்போ முதல் வீட்டுக்கு நான் போறேன். கதவு, நீயும் வரியா?"

அன்று இருட்டுவதற்குள் டிரம்களின் அடித் தண்ணீரை வடித்தார்கள். பூங்காவிலிருந்து சாக்குச் சாக்காகக் காய்ந்த இலை வந்தது. அக்கா அதைக் கொட்டக் கொட்ட, டிரைவர் மாமா கிளறினார். "இந்த ஸ்டியரிங் ரொம்பக் கனமா இருக்கேப்பா!" என்று முனகினார்.

அம்மாவிடம் உரம் அக்கா கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டாள்; மறுநாள் மாலை தையல் அண்ணனும் அவளும் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள். அண்ணன் கையில் ஒரு பை காய்ந்த இலை.

"டீச்சர், இவர் நீங்க போடுற முறையைப் பாக்கணுமாம்," என்றாள் அவள்.

"தாராளமா!" டீச்சர் சல்லடையோடு வந்துவிட்டார். "பாருங்க. மூணு அலசல்."

தையல் அண்ணன் ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், துணியைப் பார்ப்பதுபோல. "என்ன சுத்தம்! எங்க வீட்டுல கிழங்கையே இப்படிக் கழுவ மாட்டாங்க டீச்சர்."

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதாவது... வந்து... டிரம்முக்குள்ள புழு, பூச்சி எல்லாம் இருக்கு டீச்சர். தோலைத் தின்னு உரமாக்குறது அதுங்கதான். தண்ணி அதிகமாப் போனா அதுங்களுக்கு மூச்சு முட்டுதாம்."

"ஐயையோ! நான் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அனுப்பினேனே!"

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர்," என்றாள் அவள் அவசரமாக. "கழுவுறதுக்குப் பதிலா ஒரு கை காஞ்ச இலை தூவினாப் போதும். அதுங்களுக்குப் படுக்கை விரிச்ச மாதிரி."

"அப்போ தோலுக்குத் தண்ணியே வேண்டாமா?"

"டப்பாவையும் பாட்டிலையும் மட்டும் கழுவினாப் போதும் டீச்சர்."

டீச்சர் சல்லடையைப் பார்த்தார். இலைப் பையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சோப்பு?"

அண்ணனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சோப்பும் வேண்டாம் டீச்சர்," என்றார் அண்ணன் ரொம்ப மரியாதையாக.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "அந்தப் பையைக் குடுங்க. முதல் மாடிக்காரங்களுக்கு நானே சொல்றேன். நான் போட்ட முடிச்சை நான்தானே அவுக்கணும்!"

இரண்டு நாளில் எல்லா வீடும் முடிந்தது. எங்கேயும் யாரும் கதவைச் சாத்தவில்லை. ஒருவர் வாழைப்பழத் தோலைத் துணிக்கொடியில் காயப்போட்டிருப்பதைக் காட்டினார். இன்னொருவர் டீத்தூளை வடிகட்டி வடிகட்டி வெள்ளையாக்கப் பார்த்ததாகச் சொன்னார். டிரைவர் மாமா சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றதுதான் பெரிய அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்துவிட்டது. செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முதல் டிரம்மின் மூடியைத் தூக்கினார். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் கைக்குட்டையைக் கொஞ்சம் இறக்கினார். இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

வாடை இருக்கத்தான் இருந்தது. ஆனால் ஆளை விரட்டும் வாடை இல்லை.

"ம்ம்," என்றார் செயலாளர்.

"மூக்கு இருக்கா சார்?" என்று கேட்டாள் கதவு.

அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருக்கு."

"தூக்கவா, வேண்டாமா? எனக்கு நேரமாகுது," என்று வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

செயலாளர் பதில் சொல்வதற்குள் இரண்டாவது மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "யாருப்பா அது, எங்க டிரம்முல கை வைக்கிறது?" பாட்டு டீச்சரின் குரல் அத்தனை உச்சத்துக்குப் போகும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்," என்றார் செயலாளர்.

வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கூடம் திறந்திருந்தது. புது முகங்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். உரம் அக்கா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா? இன்னைக்கு நீ உள்ள போக வேண்டாம். கதவு வேலையைப் பல் டாக்டர் ஆன்ட்டி பாத்துக்குவாங்க. நீ வெளியில நின்னு தட்டு. எப்படிக் கேக்கணும்னு இவங்களுக்கு யாராவது காட்டணும்ல?"

"இப்பவேவா?"

"முதல்ல போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா. சீக்கிரம்!"

அவள் படிகளைத் தாவித் தாவி ஏறினாள். தானே பூட்டைத் திறந்தாள். தானே பால் காய்ச்சினாள். நின்றுகொண்டே, நாக்கைச் சுட்டுக்கொண்டே குடித்தாள். வீடு என்றும் போல அமைதியாகத்தான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குத்தான் நேரமில்லை.